பேச்சுக்கு முந்தும் சைகை: எது உண்மை, எது விளம்பரம்?

எட்டு ஒன்பது மாதக் குழந்தையிடம் "டாட்டா காட்டு" என்றால் கையை ஆட்டும். "சாமி கும்பிடு" என்றால் இரண்டு கையையும் சேர்த்து வைக்கும், சேராவிட்டால் சேர்ப்பதற்கு முயலும். மொட்டைமாடியில் தூக்கி வைத்துக்கொண்டு "நிலாவைக் கூப்பிடு" என்றால் விரல்களை மடக்கி மடக்கி அழைக்கும். இத்தனையும் செய்கிற குழந்தையின் வாயிலிருந்து பொருளுள்ள ஒரு சொல் வருவதற்கு இன்னும் மூன்று நான்கு மாதங்கள் ஆகும். கை முந்துகிறது, வாய் பிந்துகிறது. குழந்தை வளர்த்த எல்லா வீட்டிலும் இது கண்ணெதிரே நடந்திருக்கிறது.

இந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்ள முடியாதா? பால் வேண்டும், இன்னும் கொடு, போதும், வலிக்கிறது என்பதையெல்லாம் குழந்தை கையாலேயே சொல்லிவிட்டால் பாதி அழுகை மிச்சம்தானே? இந்தக் கேள்வியிலிருந்து கடந்த நாற்பது ஆண்டுகளில் ஓர் ஆராய்ச்சித் துறை கிளைத்தது. கூடவே ஒரு வியாபாரமும் வளர்ந்தது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இதற்கென்றே வாராந்திர வகுப்புகள், புத்தகங்கள், வீடியோக்கள், படம் போட்ட அட்டைகள், கைபேசிச் செயலிகள் எல்லாம் உண்டு. விற்பவர்கள் சொல்வது பெரும்பாலும் நான்கு விஷயங்கள்: குழந்தை சீக்கிரம் பேசும், அறிவு கூடும், அழுகை குறையும், தாய்க்கும் பிள்ளைக்கும் நெருக்கம் வளரும். ஒரே மூச்சில் சொல்லப்பட்டாலும் இந்த நான்குக்கும் பின்னால் இருக்கும் ஆதாரம் ஒரே அளவானது இல்லை. முதல் இரண்டுக்கு ஆதாரம் மெலிவு. பின் இரண்டுக்குக் கொஞ்சம் உண்டு, ஆனால் விளம்பரம் சொல்லும் வழியில் இல்லை.

கதை 1982இல், கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் தொடங்குகிறது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் குழந்தை உளவியல் பேராசிரியராக இருந்த லிண்டா அக்ரெடோலோ, தன் ஒரு வயது மகள் பூவைப் பார்க்கும்போதெல்லாம் மூக்கை உறிஞ்சுவதைக் கவனித்தார். தோட்டத்துப் பூவுக்கு மட்டுமல்ல, படத்தில் இருந்த பூவுக்கும் அதே உறிஞ்சல். மீனைக் கண்டால் வாயால் ஊதினாள். தொட்டிலுக்கு மேல் தொங்கிய மீன் பொம்மைகளை அம்மா ஊதி அசைத்துக் காட்டியதிலிருந்து எடுத்துக்கொண்டது அது. சிலந்திக்கு இரண்டு ஆள்காட்டி விரல்களையும் ஒன்றோடொன்று தேய்த்தாள். அது சிலந்திப் பாட்டுக்கு அபிநயம் பிடித்ததிலிருந்து வந்தது. யாரும் இவற்றைச் சொற்களாகக் கற்றுத்தரவில்லை. அன்றாட விளையாட்டில் கிடைத்த அசைவுகளைக் குழந்தையே பெயர்களாக மாற்றிக்கொண்டது.

வேறொரு தாயாக இருந்தால் சிரித்துவிட்டு நகர்ந்திருப்பார். அக்ரெடோலோ இதைத் தன் சகா சூசன் குட்வினோடு சேர்ந்து குறிப்பெடுத்து, 1985இல் ஒரு குழந்தையின் ஆய்வாகவும், 1988இல் பல குழந்தைகளை வைத்து விரிவான ஆய்வாகவும் வெளியிட்டார். பெரும்பாலான குழந்தைகள் பேச்சு வரும் பருவத்தில் தாமாகவே இப்படிச் சில சைகைகளை உருவாக்கிக்கொள்கின்றன என்பதும், பெற்றோர் பெரும்பாலும் அதைக் கவனிப்பதில்லை என்பதும் அதில் தெரிந்தன. அடுத்த கேள்வி இயல்பாகவே வந்தது: பெற்றோர் இதை வேண்டுமென்றே ஊக்குவித்தால் என்ன ஆகும்? 1996இல் இருவரும் இதைப் பொது வாசகர்களுக்கான நூலாக எழுதினார்கள். அது நன்றாக விற்றது. ஆராய்ச்சியாளர்களே நிறுவனமும் நடத்தத் தொடங்கினார்கள்.

ஏறக்குறைய அதே காலத்தில் ஜோசப் கார்சியா என்ற சைகை மொழிபெயர்ப்பாளர் இன்னொரு பக்கத்திலிருந்து இதே இடத்துக்கு வந்தார். காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த, காது கேட்கும் குழந்தைகள் ஒரு வயதுக்குள்ளேயே தங்கள் தேவைகளைச் சைகையில் தெளிவாகச் சொல்வதைப் பார்த்து வியந்தவர் அவர். அப்படியானால் எல்லாப் பெற்றோரும் அமெரிக்க சைகை மொழியிலிருந்து சில சொற்களை எடுத்துக் குழந்தைக்குக் கொடுக்கலாமே என்றார். ஆகவே இரண்டு வழிகள் உருவாயின. ஒன்று, வீட்டுக்கு வீடு இட்டுக்கட்டிய சைகைகள். மற்றது, ஒரு நிஜச் சைகை மொழியிலிருந்து கடன் வாங்கிய சொற்கள். இரண்டாவது வழியில் போகிறவர்களும் குழந்தைக்குச் சைகை மொழி கற்பிப்பதில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. சைகை மொழிக்கு இலக்கணம் இருக்கிறது. புருவத்தை உயர்த்துவது அங்கே கேள்விக்குறி. உடலுக்கு முன்னால் இருக்கும் வெளியில் எந்த இடத்தில் யாரை நிறுத்துகிறோம் என்பதே யார் யாருக்குக் கொடுத்தார் என்பதைச் சொல்லிவிடும். ஒரு வகுப்பில் கற்றுத்தருகிற இருபது முப்பது சைகைகளில் இது எதுவும் கிடையாது. அவை தனித்தனிச் சொற்கள், அவ்வளவுதான்.

சரி, கை ஏன் முந்துகிறது?

ஒரு சொல்லைச் சொல்ல உதடு, நாக்கு, தாடை, மேலண்ணம், குரல்வளை, மூச்சு ஆகிய எல்லாம் நொடிக்குள் ஒத்து இயங்க வேண்டும். பிறந்த குழந்தையின் வாய்க்குள் நாக்கு பெரும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும், குரல்வளை மேலே ஏறி இருக்கும். மாதங்கள் போகப் போகத்தான் இந்த அமைப்பு பேச்சுக்குத் தோதாக மாறுகிறது. கைக்கு இப்படியொரு காத்திருப்பு இல்லை. அதைவிட முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. குழந்தை தன் கையைத் தானே பார்க்க முடியும், தன் நாக்கைப் பார்க்க முடியாது. அம்மாவும் குழந்தையின் கையைப் பிடித்து "இப்படி வை" என்று வடிவம் கொடுக்கலாம். நாக்கைப் பிடித்து "ப" சொல்ல வைக்க எந்த அம்மாவாலும் ஆகாது.

அதற்காகக் குழந்தையின் கை துல்லியமானது என்று நினைக்க வேண்டாம். நாக்கில் மழலை இருப்பதுபோலக் கையிலும் மழலை உண்டு. விரல் நுனிகளை மட்டும் அசைக்க வேண்டிய சைகையைக் குழந்தை மணிக்கட்டாலோ முழங்கையாலோ தோளாலோ செய்யும். உடலுக்கு அருகிலுள்ள பெரிய மூட்டுகள் முதலில் கட்டுக்குள் வருவதால் இப்படி. "இன்னும்" என்பதற்கு அமெரிக்க சைகை மொழியில் இரண்டு கைகளின் குவிந்த விரல் நுனிகளைத் தட்ட வேண்டும். பத்து மாதக் குழந்தை செய்தால் அது கைதட்டுவதுபோல் இருக்கும். "பால்" என்பதற்கு மாடு கறப்பதுபோல முஷ்டியை மூடித் திறக்க வேண்டும். அது குழந்தைக்கு எளிது. ஆனால் டாட்டாவும் ஏறக்குறைய அதே அசைவுதான் என்பதால், குழந்தை பால் கேட்கிறதா விடை கொடுக்கிறதா என்று சமயத்தில் யோசிக்க வேண்டியிருக்கும்.

கை எவ்வளவு முந்துகிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் நீண்ட சண்டை. 1983இல் ஜான் பான்விலியனும் சகாக்களும் காது கேளாத பெற்றோரின் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, முதல் சைகை சராசரியாக எட்டரை மாதத்தில் வருவதாக எழுதினார்கள். முதல் பேச்சுச் சொல் ஏறத்தாழ பன்னிரண்டாம் மாதம் என்றால் இது பெரிய முன்னிலை. வகுப்பு நடத்துகிறவர்கள் இன்றும் பிடித்துக்கொண்டிருக்கும் எண் இதுதான். ஆனால் மாண்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருந்த லாரா ஆன் பெட்டிட்டோ இதை ஏற்கவில்லை. எல்லாக் குழந்தைகளும் செய்கிற பொதுவான கையசைவுகளைச் சொல் என்று எண்ணிவிட்டார்கள், உண்மையான சைகைச் சொற்கள் பேச்சுச் சொற்கள் வரும் காலத்திலேயே வருகின்றன என்பது அவர் வாதம். ரிச்சர்ட் மையரும் எலிசா நியூபோர்ட்டும் 1990இல் இடைப்பட்ட ஒரு முடிவுக்கு வந்தார்கள். முதல் சொற்களில் ஒன்று அல்லது ஒன்றரை மாத முன்னிலை இருக்கலாம். இரண்டு சொற்களைச் சேர்த்து வாக்கியமாக்கும் கட்டத்துக்கு வந்ததும் அந்த முன்னிலை மறைந்துவிடுகிறது. நிதானமான மதிப்பீடு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பெட்டிட்டோவின் இன்னொரு கண்டுபிடிப்பு இதைவிடச் சுவையானது. 1991இல் அவரும் பவுலா மாரன்டெட்டும், சைகை மொழி பேசும் வீட்டில் வளரும் காது கேளாத குழந்தைகள் கையால் "பா பா பா" சொல்கின்றன என்று காட்டினார்கள். பேசும் குழந்தை அர்த்தமில்லாத அசைகளை அடுக்கி விளையாடுகிற அதே வயதில், இந்தக் குழந்தைகள் சைகை மொழியின் சின்னச் சின்ன உறுப்புகளை அர்த்தமில்லாமல் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கின்றன. பத்தாண்டு கழித்து, காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த காது கேட்கும் குழந்தைகளின் கையசைவுகளையும் அளந்தார்கள். சாதாரணக் கை ஆட்டல் ஒரு வேகத்திலும், மொழிக்கான கையாட்டம் அதைவிட மெதுவான தனித் தாளத்திலும் இருந்தன. குழந்தை மூளை தேடுவது மொழியின் ஒழுங்கை. அது காது வழியாக வந்தாலும் கண் வழியாக வந்தாலும் அதற்கு ஒன்றுதான். இந்தக் கண்டுபிடிப்பு யாருக்கு உண்மையில் முக்கியம் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

இப்போது வாக்குறுதிகள். முதலில், சீக்கிரம் பேசும் என்பது. அக்ரெடோலோவும் குட்வினும் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் நிதியோடு 103 குழந்தைகளைப் பதினோரு மாத வயதிலிருந்து தொடர்ந்தார்கள். ஒரு குழுவின் பெற்றோருக்குச் சைகை பயிற்சி, இன்னொரு குழுவுக்குச் சொற்களை வாயால் அதிகம் சொல்லிக்காட்டும் பயிற்சி, மூன்றாம் குழுவுக்கு எதுவும் இல்லை. 2000இல் வெளியான முடிவில், சைகைக் குழுக் குழந்தைகள் இரண்டு வயது வரை பல மொழித் தேர்வுகளில் சற்று முன்னால் இருந்தார்கள். மூன்று வயதை எட்டும்போது உறுதியாகச் சொல்லத்தக்க வித்தியாசம் மிஞ்சவில்லை. நேர்மையாகப் படித்தால் இதிலிருந்து கிடைக்கும் முக்கியமான செய்தி வேறு. சைகை காட்டினால் குழந்தை பேசச் சோம்பல்படும் என்று பல வீடுகளில் பாட்டிகள் பயப்படுவார்கள், சில குழந்தை மருத்துவர்களும்கூட. அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. சைகை பேச்சைத் தள்ளிப்போடவில்லை.

அறிவு கூடும் என்ற வாக்குறுதியின் வேர் இதே ஆய்வில்தான் இருக்கிறது. அந்தக் குழந்தைகள் எட்டு வயதானபோது சிலரை மறுபடி அழைத்து நுண்ணறிவுத் தேர்வு வைத்தார்கள். சைகைக் குழுவின் சராசரி 114, மற்றவர்களுடையது 102. பன்னிரண்டு புள்ளி வித்தியாசம்! எந்தப் பெற்றோரையும் பர்ஸைத் திறக்க வைக்கும் எண். ஆனால் இது ஒரு கருத்தரங்கில் வாசிக்கப்பட்ட முடிவு. சக ஆய்வாளர்களின் பரிசீலனையைக் கடந்து வந்த கட்டுரை அல்ல. 103 பேரில் மறுபடி வந்தவர்கள் நாற்பதுக்கும் சற்று அதிகம்தான். எந்த மாதிரி வீடுகள் ஏழு ஆண்டுக்குப் பிறகும் ஆய்வுக்கூடத்துக்குப் பிள்ளையைக் கூட்டி வரும், எவை வராது என்பதே முடிவைப் புரட்டிப்போடக்கூடியது. நடுவிலிருந்த ஆண்டுகளில் வீடு, பள்ளி, புத்தகம் என்று ஆயிரம் காரணங்கள் குறுக்கிட்டிருக்கும். இத்தனை ஓட்டைகளோடும் அந்தப் பன்னிரண்டு புள்ளி இன்றும் விளம்பரங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

மற்றவர்கள் சோதித்தபோது என்ன கிடைத்தது? கனடாவின் சின் ஜான்ஸ்டனும் சகாக்களும் அதுவரை வெளியான 17 ஆய்வுகளைத் திரட்டிப் படித்து 2005இல் முடிவை வெளியிட்டார்கள். குழுக்கள் மிகச் சிறியவை, ஒப்பிடுவதற்குச் சரியான குழு இல்லை, நீண்ட காலத் தொடர்ச்சி இல்லை என்று ஒவ்வொன்றிலும் ஒரு குறை. பயன் உண்டு என்று சொல்ல ஆதாரம் போதாது என்று முடித்தார்கள். 2012இல் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிலர் சைகை விற்கும் இணையதளங்களை எடுத்து, அவை காட்டும் ஆதாரங்களைத் தேடிப்போனார்கள். பெரும்பகுதி கருத்துக் கட்டுரைகளிலும் விற்பனைப் பொருள்களிலும் போய் நின்றது.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு பிரிட்டனில் ஹெர்ட்ஃபோர்ட்ஷைர் பல்கலைக்கழகத்தின் எலிசபெத் கிர்க் நடத்தியது. 2013இல் வெளியானது. 40 குழந்தைகள், எட்டு மாதத்திலிருந்து இருபது மாதம் வரை. நான்கு குழுக்கள்: பிரிட்டிஷ் சைகை மொழிச் சொற்கள் கற்றவர்கள், இட்டுக்கட்டிய சைகைகள் கற்றவர்கள், சொல் பயிற்சி மட்டும் பெற்றவர்கள், எதுவும் பெறாதவர்கள். யார் எந்தக் குழு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். குழந்தைகள் சைகைகளை நன்றாகவே கற்றார்கள். ஆனால் பேச்சு வளர்ச்சியில் நான்கு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. தொடக்கத்திலேயே மொழியில் பின்தங்கியிருந்த ஓரிரு குழந்தைகளுக்கு மட்டும் சைகை உதவியதுபோலத் தெரிந்தது. எண்ணிக்கை மிகக் குறைவு என்பதால் அதை வைத்து ஒன்றும் கட்ட முடியாது.

மாறியவர்கள் அம்மாக்கள். நெருக்கம் என்ற வாக்குறுதிக்குக் கொஞ்சம் ஆதாரம் இருப்பது இங்கேதான். சைகைக் குழுக்களில் இருந்த தாய்மார்கள் குழந்தையின் சொல்லில்லாத குறிப்புகளுக்கு அதிகமாகப் பதில் கொடுத்தார்கள், குழந்தை தானாக ஒன்றைச் செய்து பார்க்க அதிகம் இடம் விட்டார்கள். யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. ஒரு சைகை வருமா வருமா என்று காத்திருக்கிற தாய் குழந்தையின் கையைப் பார்க்கிறாள், கண் எங்கே போகிறது என்று பார்க்கிறாள். இதற்கு ஏதோ மனசு இருக்கிறது, எதையோ சொல்ல வருகிறது என்ற எண்ணத்தோடு பார்க்கிறாள். வகுப்புக்குக் கட்டணம் கட்டாமலும் இப்படிப் பார்க்கலாம் என்பது வேறு விஷயம்.

வகுப்புக்குப் போகிற தாய்மார்கள் நிம்மதியாக இருக்கிறார்களா என்றும் அதே பல்கலைக்கழகத்தில் பார்த்திருக்கிறார்கள். 2011இல் 178 தாய்மார்களிடம் கேட்டதில், சைகை வகுப்புகளுக்குப் போகிறவர்களின் மன அழுத்தம் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. வகுப்புதான் அழுத்தம் தந்தது என்று அர்த்தமில்லை. பிள்ளை பின்தங்கிவிடுமோ என்று முன்பே கவலைப்படுகிறவர்கள்தான் இப்படியான வகுப்புகளைத் தேடிப் போகிறார்கள் போலும். ஒன்பது மாதக் குழந்தைக்கு டியூஷன் வைக்கிற மனநிலை எந்த நாட்டுக்கும் பொது.

அழுகை குறையும் என்பதற்கு நேரடியான, சின்ன, ஆனால் கவனமான ஆதாரம் ஒன்று உண்டு. கேன்சஸ் பல்கலைக்கழகத்தில் ரேச்சல் தாம்ப்சனும் சகாக்களும் 2007இல் ஒரு வயதைச் சுற்றியிருந்த சில குழந்தைகளுக்கு ஓரிரு சைகைகளைக் கற்றுத்தந்தார்கள். முறை எளியது. குழந்தைக்கு ஒன்று வேண்டும் என்று தெரிந்தால் சில நொடி காத்திருப்பது. சைகை வராவிட்டால் குழந்தையின் கையைப் பிடித்துச் செய்ய வைப்பது. உடனே கேட்டதைக் கொடுப்பது. சிணுங்கலுக்குக் கொடுக்காமல் சைகைக்குக் கொடுத்தபோது சிணுங்கல் இறங்கியது, சைகை ஏறியது. நான்கைந்து குழந்தைகளை வைத்து உலகத்துக்கே பேச முடியாதுதான். ஆனால் ஒவ்வொரு குழந்தையிலும் நிபந்தனையை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார்கள் என்பதால் இதற்கு எடை உண்டு. கவனித்தால், இங்கே வேலை செய்தது சைகையின் மகிமையோடு பெரியவர்களின் ஒழுங்கும்தான். கேட்டவுடன் கொடுப்பார்கள் என்று தெரிந்தால் குழந்தை கத்த வேண்டியதில்லை.

சைகை உண்மையாகவே தேவைப்படும் பிள்ளைகளும் உண்டு. டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவி வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைக்குப் புரிதல் ஓரளவு வளர்ந்திருக்கும். ஆனால் வாய்த் தசைகளின் தளர்ச்சி போன்ற காரணங்களால் பேச்சு பல மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் பின்தங்கும். அந்த இடைவெளியில் சொல்ல முடியாத கோபம் எவ்வளவு என்பதை அந்த வீட்டுப் பெற்றோரிடம்தான் கேட்க வேண்டும். 1970களில் பிரிட்டனில் பேச்சுப் பயிற்சியாளர் மார்கரெட் வாக்கர் உருவாக்கிய மாகட்டன் முறை இப்படிப்பட்டவர்களுக்கானது. வாக்கியத்தைப் பேசிக்கொண்டே முக்கியச் சொற்களுக்கு மட்டும் சைகை காட்டுவார்கள். பேச்சு வரவர, பெரும்பாலும் சைகை தானாக உதிர்ந்துவிடும்.

வளர்ச்சி சாதாரணமாக இருக்கும் குழந்தைக்கு வீட்டில் சைகை காட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு வகுப்பும் வேண்டாம், அட்டையும் வேண்டாம். ஆறேழு மாதத்தில் தொடங்கலாம், ஆனால் குழந்தை திருப்பிக் காட்ட வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். குழந்தைக்கு எது முக்கியமோ அதிலிருந்து தொடங்க வேண்டும். "நன்றி", "தயவுசெய்து" எல்லாம் பெரியவர்களின் ஆசை. குழந்தைக்கு முக்கியம் பால், மம்மம், இன்னும், போதும், நாய், காக்கா, ஃபேன், விளக்கு. பொருள் கண்முன் இருக்கும்போது, குழந்தை அதைப் பார்க்கும்போது, சொல்லையும் சொல்லிக்கொண்டே காட்ட வேண்டும். வாய் மூடிக்கொண்டு கை மட்டும் அசைப்பது பயனில்லை. குழந்தை வளைத்து நெளித்து எப்படிச் செய்தாலும் அதை ஏற்றுக்கொள்வதுதான் முறை. திருத்தம் தேவையில்லை. வீடியோவைப் போட்டுவிட்டுக் குழந்தையை எதிரே உட்கார வைப்பது இதன் நோக்கத்தையே கெடுத்துவிடும்.

இதுகூடச் செய்ய நேரமில்லை என்றாலும் குழந்தைக்குப் பெரிதாக ஒன்றும் குறையாது. ஏனென்றால் ஆராய்ச்சியில் உறுதியாக நிற்கிற சைகை, யாரும் விற்காத ஒன்று: சுட்டிக்காட்டுதல். சிகாகோவில் சூசன் கோல்டின் மெடோவும் ஜானா ஐவர்சனும் 2005இல் காட்டியது, குழந்தை இன்று விரலால் சுட்டுகிற பொருளின் பெயர் சில மாதங்களில் அதன் வாயில் வருகிறது என்பது. 2009இல் மெரிடித் ரோவும் கோல்டின் மெடோவும் 50 சிகாகோ குடும்பங்களை வைத்து, பதினான்கு மாதத்தில் எவ்வளவு வகைவகையாகச் சைகை காட்டுகிறதோ அந்த அளவுக்கு நான்கரை வயதில் சொல்வளம் இருப்பதாகக் கண்டார்கள். பெற்றோர் அதிகம் சுட்டிக்காட்டிய வீட்டில் குழந்தையும் அதிகம் சுட்டியது. இடுப்பில் வைத்துக்கொண்டு "அதோ பார் காக்கா" என்று சோறூட்டுகிற நம் பாட்டிமார் செய்வது இதுவே. குழந்தை எதைச் சுட்டினாலும் "ஆமா, பஸ்ஸு, பெரிய பஸ்ஸு" என்று பெயர் சொல்லிப் பதில் கொடுப்பதில்தான் பாதி பாடம் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை மட்டும். சைகை வந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் குழந்தையின் காதை மறந்துவிடக் கூடாது. காது கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் குரல் எழுப்பும், சிரிக்கும், முகத்தைப் பார்த்துப் பதில் கொடுக்கும். அதனால் வீட்டில் சந்தேகமே வராது. பத்துப் பதினொரு மாதம் ஆகியும் "பா பா", "மா மா" என்று அசைகளை அடுக்காவிட்டால், பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாவிட்டால், "இவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று காத்திருக்காமல் காதைச் சோதிக்க வேண்டும்.

இங்கேதான் இந்த விஷயத்தின் விசித்திரம் வெளிப்படுகிறது. காது கேட்கும் குழந்தைக்குப் பணம் கட்டிச் சைகை கற்றுத்தரும் இதே உலகம், காது கேளாத குழந்தைக்கு அதை நூறாண்டுக்கு மேல் மறுத்து வந்திருக்கிறது. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வியாளர் மாநாடு, பள்ளிகளில் சைகையை விலக்கி வாய்ப்பேச்சு மட்டும் கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. ஓட்டுப் போட்டவர்களில் ஏறக்குறைய எல்லாரும் காது கேட்கிறவர்கள். அதன் பிறகு பல நாடுகளின் பள்ளிகளில் பிள்ளைகளின் கைகள் கட்டப்பட்டன, அடிக்கப்பட்டன. 1960இல் வாஷிங்டனின் கல்லாடெட் கல்லூரியில் வில்லியம் ஸ்டோகோ, அமெரிக்க சைகை மொழிக்கு மற்ற மொழிகளைப்போலவே உள்கட்டமைப்பு உண்டு என்று எழுதியபோது அவரது சக ஆசிரியர்களே நம்பவில்லை. மிலான் தீர்மானங்களை அந்த மாநாட்டின் வழிவந்த அமைப்பு தள்ளிவைத்தது 2010இல், வான்கூவரில்.

காது கேளாத குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றன. அந்த வீட்டில் சைகை மொழி தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். காதும் மூடி, கண் வழியான மொழியும் கிடைக்காமல், மூளை மொழிக்காகப் பசித்திருக்கிற முதல் மூன்று ஆண்டுகள் சும்மா போகின்றன. டாட்டாவோ பால் சைகையோ அந்தப் பசிக்குப் போதாது. பெட்டிட்டோ கவனித்த, கையால் மழலை பேசிய குழந்தைகளுக்கு வாய்த்தது முழு மொழி.

நம் நாட்டில் 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் பிறவிக் காது கேளாமையைச் சோதனைப் பட்டியலில் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் என்ற உட்செவிக் கருவியைப் பொருத்தும் அறுவை சிகிச்சை இலவசமாகச் செய்யப்படுகிறது. பல குழந்தைகளுக்கு இது உண்மையில் பேச்சைக் கொண்டுவந்திருக்கிறது. ஆனால் கருவி பொருத்தியதும் கேட்டல் வந்துவிடாது. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் பயிற்சி வேண்டும், பலன் குழந்தைக்குக் குழந்தை மாறும். அந்தக் காலம் முழுவதும் கையைக் காட்டாதீர்கள், காட்டினால் பேச மாட்டான் என்று பெற்றோரிடம் சொல்வது உலகமெங்கும் உள்ள வழக்கம், இங்கேயும் உண்டு. பிள்ளை பேச வேண்டும் என்ற அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் காது கேட்கும் குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகள் பொய்யாக்கிய அதே பயம்தான் இங்கே விதியாக நிற்கிறது.

2021இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் நவோமி கசெலியும் சகாக்களும், காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்த காது கேளாத குழந்தைகளின் சைகைச் சொல்வளத்தை அளந்தார்கள். ஆறு மாதத்துக்குள் சைகை மொழியோடு பழகத் தொடங்கிய குழந்தைகளின் சொல்வளம், காது கேளாத பெற்றோரிடம் வளர்ந்த குழந்தைகளுடையதைப்போலவே வயதுக்கேற்ப வளர்ந்திருந்தது. அந்தப் பெற்றோர் சைகை மொழியில் பிறந்து வளர்ந்தவர்கள் இல்லை. குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்த பிறகு, தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டே பேசியவர்கள். டெல்லியில் 2015இல் அமைக்கப்பட்ட இந்திய சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையம் பத்தாயிரம் சொற்களுக்கு வீடியோ அகராதி தயாரித்து இலவசமாகப் பார்க்கக் கொடுத்திருக்கிறது. பால், அம்மா, இன்னும், போதும் எல்லாம் அதில் இருக்கின்றன.